செட்டிநாட்டு ஊருக்குக் குடிவந்தவர்கள் கிராம சபைக்குப் போவது எப்படி?

ஓய்வு பெற்று, பாட்டனார் கட்டிய வீட்டுக்கே திரும்பியவர்கள், கல்யாணமாகி வந்த மருமகள்கள், ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறை வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட குடும்பங்கள், பழைய வீடு ஒன்றை வாங்கி விருந்தினர் விடுதி நடத்த வந்தவர்கள் என்று செட்டிநாட்டு ஊர்களில் புதுக் குடித்தனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகின்றன. வந்த சில மாதங்களில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, ஊரணிக்குள் குப்பை கொட்டுகிறார்கள், யாரிடம் சொல்வது? கேட்டால், "கிராம சபையில சொல்லுங்க" என்பார்கள். சரி, அங்கே போய் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராம சபையில் எழுந்து பேசுவது வேலையில் கால்வாசிதான். முக்கால்வாசி கூட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. எவ்வளவு நன்றாகப் பேசினாலும், தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் புத்தகத்தில் ஒரு நல்ல வரியை ஏற்றுவதைப் பற்றித்தான்.

எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பக்கம் "கூட்டம் போட்டிருக்காங்க" என்றால் அது குறைந்தது மூன்று விதமாக இருக்கலாம். புதிதாக வந்தவர்கள் குழம்புவதே இங்கேதான்.

ஒன்று, ஊர்க் கூட்டம். கோயில் திருவிழா, காப்புக் கட்டும் தேதி, வரி எவ்வளவு என்பதெல்லாம் இங்கே முடிவாகும். தலைக்கட்டு கணக்கில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். சில ஊர்களில் இதுவே நாட்டார் கூட்டமாக இருக்கும். அம்பலம், நாட்டார் என்று முறை வைத்து உட்காருவார்கள். இரண்டாவது, நகரத்தார் கூட்டம். நகரத்தாருக்குள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்துக்குள் நடப்பது இது. கணக்கு புள்ளி கணக்கு, கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. நகரச் சிவன் கோயில், நகரத்தார் வெட்டிய ஊரணி, நந்தவனம், விடுதி போன்றவற்றின் நிர்வாகம் இங்கே பேசப்படும். இரண்டும் வழக்கத்தால் நடப்பவை. அரசாங்க நிதி எதையும் இவை தொட முடியாது. உங்கள் தெருவுக்கு விளக்கும் போட முடியாது.

மூன்றாவதுதான் கிராம சபை. இது சட்டப்படி நடப்பது. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம், அதை ஒட்டி வந்த 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஆகியவற்றின் கீழ் கூடும் சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் உறுப்பினர்கள். சாதி, தலைக்கட்டு, ஆண் பெண் என்ற கணக்கெல்லாம் இங்கே கிடையாது. ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க முடியாத ஒரு பெண்ணோ, காலனித் தெருக்காரரோ, நேற்று வந்த மருமகளோ இங்கே எழுந்து கேட்கலாம். சட்டம் கொடுத்த இந்தச் சமத்துவம் எல்லா ஊரிலும் நாற்காலி வரிசையில் தெரிகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. கிராம சபையை மதம் சார்ந்த எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது, ஊராட்சியின் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பில் சொல்லப்படுவதற்கும் இதுதான் காரணம்.

ஊராட்சியா, பேரூராட்சியா?

கிராம சபை ஊராட்சிகளில்தான் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை போன்றவை பார்க்கக் கிராமம் மாதிரி இருந்தாலும் பேரூராட்சிகள். தேவகோட்டை நகராட்சி. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம் உள்ளிட்ட சில ஊராட்சிகளும் அதோடு சேர்க்கப்பட்டன. அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் பழைய ரசீதில் ஊராட்சி என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கிராம சபையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மாநகராட்சி, நகராட்சிகளில் பகுதி சபை என்று வேறொரு ஏற்பாடு 2022 நவம்பர் 1-இல் தொடங்கியது. வார்டு கவுன்சிலர் தலைமையில் கூடும். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாட்கள் வைத்திருக்கிறார்கள். கீழே சொல்லும் மனு எழுதும் முறை அங்கேயும் பயன்படும், மற்றவை பொருந்தாது.

மாவட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் கடியாபட்டி, ராயவரம் போன்ற ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டம். குன்றக்குடி, கல்லல் பக்கமெல்லாம் சிவகங்கை மாவட்டம். ஒன்றியம் எது என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் பின்னால் நீங்கள் ஏறி இறங்கப் போகும் ஆபீஸ் அதுதான். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் தனித்தனி ஊராட்சி ஒன்றியங்கள்.

ஓட்டு எங்கே இருக்கிறது?

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இது. வீடு இங்கே, ஓட்டு சென்னையில். வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் கோயில் படைப்புக்கும் வந்து கதவைத் திறந்து தூசி தட்டிவிட்டுப் போகிறவர்கள் கிராம சபை உறுப்பினர்கள் அல்ல. வீட்டு வரி கட்டிய ரசீதைக் காட்டினாலும் உறுப்பினர் ஆக முடியாது. மனு கொடுக்கத் தடையில்லை, ஊராட்சி அலுவலகத்தில் யாரும் கொடுக்கலாம். ஆனால் சபையின் வருகைக் கணக்கில் உங்கள் கையெழுத்து சேராது.

இங்கேயே நிலையாகத் தங்கிவிட்டீர்கள் என்றால் ஓட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் முகவரி மாற படிவம் 8, முதல்முறை சேர்கிறவர் படிவம் 6. இணையத்திலும் செய்யலாம், உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். அப்புறம் பெயர் எந்த வார்டில் வந்திருக்கிறது என்று பாருங்கள். இங்குள்ள பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்தெரு ஒரு வார்டும் பின்தெரு இன்னொரு வார்டுமாக இருப்பது சகஜம். பின்பக்கச் சாக்கடையைப் பற்றிக் கேட்கும்போது வார்டு எண்ணைத் தவறாகச் சொன்னால், அதை வைத்தே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

எப்போது கூடும்?

வருடத்துக்கு ஆறு முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். இவை இரண்டும் 2022 முதல் சேர்ந்தவை. பெரும்பாலும் காலை 11 மணி. சில சமயம் தேதி தள்ளிப்போகும். 2024-இல் நவம்பர் 1 கூட்டம் தீபாவளியை ஒட்டி வந்ததால் 23-ஆம் தேதிக்கு மாறியது.

ஏழு நாட்களுக்கு முன்பே இடம், நேரம், கூட்டப் பொருள் மூன்றையும் அறிவிக்க வேண்டும். முன்பு தண்டோரா போடுவார்கள். 2022-இல் அரசு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் போடுவார்கள். ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டப் பொருள் என்னென்ன என்பது அதில்தான் இருக்கும்.

ஆறு கூட்டத்துக்கும் ஒரே எடை கிடையாது. அக்டோபர் 2 கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பெரும்பாலும் அங்கேதான் பேசப்படும். அதில் உங்கள் வேலை சேரவில்லை என்றால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்ற பதிலைத்தான் வருடம் முழுக்கக் கேட்பீர்கள். ஊரணி, கண்மாய் விஷயம் என்றால் மார்ச் 22 நல்ல நாள். தலைப்பே தண்ணீர், அதுவுமல்லாமல் கோடையில் ஊரணி வற்றியிருக்கும்போது தூர் வாரக் கேட்டால் கேட்பதில் ஒரு நியாயம் தெரியும். ஐப்பசி மழையில் நின்றுகொண்டு தூர் வாரச் சொல்வதில் பயனில்லை.

போவதற்கு முன் வீட்டுப்பாடம்

மூன்று விஷயம் தெரிந்துகொண்டு போனால் போதும். யாருடைய சொத்து, எந்தப் பணம், யார் பொறுப்பு.

முதல் கேள்விக்குத்தான் செட்டிநாட்டில் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஊரணி என்றவுடன் ஊராட்சி ஊரணி என்று நினைத்துவிடுவோம். ஆனால் இங்கே பல ஊரணிகள் நகரத்தார் செலவில் வெட்டிப் படிக்கட்டு கட்டியவை. சில கோயில் பெயரில் இருக்கும், சில புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். நிலத்தின் வகையும் உரிமையும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் அது எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அரசின் இணைய சேவையிலேயே அ-பதிவேடு விவரமும் புலப்படமும் கிடைக்கின்றன. தனியார் அறக்கட்டளைக்குச் சொந்தமான ஊரணிக்கு ஊராட்சிப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் மாட்டும் என்பது ஊராட்சிச் செயலருக்குத் தெரியும். அதனால்தான் அவர் தலையைச் சொறிவார். அப்படிப்பட்ட ஊரணி என்றால் நகரத்தார் கூட்டத்துக்கோ அறக்கட்டளைக்கோ போக வேண்டும்.

கண்மாயும் அப்படியே. 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊரணியும் குட்டையும் ஊராட்சி. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஊரணி நிரம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் ஊரணிக்குள் இருக்காது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இருக்கும். ஒரு காலத்தில் வீட்டு முற்றங்களின் மழைநீர்கூட வடிகால் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும்படி திட்டமிட்ட ஊர்கள் இவை. நடுவில் யாரோ சுவர் எடுத்திருப்பார்கள், யாரோ சீமைக் கருவேலத்தை வளரவிட்டிருப்பார்கள். போய் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

சாலைக்கும் மூன்று சொந்தக்காரர்கள்: ஊராட்சி, ஒன்றியம், நெடுஞ்சாலைத் துறை. நெடுஞ்சாலைத் துறை சாலையின் குழியைக் கிராம சபையில் கேட்டால், "துறைக்குப் பரிந்துரைக்கிறோம்" என்றுதான் எழுத முடியும். அதுவும் வேண்டியதே. எழுதச் சொல்லுங்கள், ஆனால் அதற்காகத் தலைவரைத் திட்டாதீர்கள்.

பணம். ஊராட்சிக்குப் பல கணக்குகள் உண்டு. பேச்சில் அடிபடுவது முதல் மூன்றுதான். ஒன்றாம் கணக்கில் வீட்டு வரி முதலான சொந்த வருவாயும் மாநில நிதிக்குழு மானியமும் வரும். இரண்டாம் கணக்கு மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டுவதற்கு. மூன்றாவது திட்டப் பணம். மத்திய நிதிக்குழு மானியத்துக்கு ஒரு கட்டு உண்டு. 15-ஆவது நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரையிலான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் இரண்டுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று வைத்தது; 40 சதவீதம்தான் ஊராட்சி விருப்பம். "கழிப்பறைக்கு மட்டும் பணம் இருக்குது, எங்க தெரு ரோட்டுக்கு இல்லையா?" என்று கோபமாகக் கேட்பவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டால் கேள்வியையே மாற்றலாம். தெருவில் வடிகால் வேண்டும் என்று கேட்டு, எந்த மானியத்தில் இடமிருக்கிறது என்று செயலரையே சொல்ல வைக்கலாம்.

யார் பொறுப்பு என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊராட்சிச் செயலர்தான் எல்லாப் புத்தகத்தையும் வைத்திருப்பவர். ஊரில் கிளார்க் என்பார்கள். குழாய்த் தண்ணீர் திறந்துவிடுபவர் டேங்க் ஆபரேட்டர். கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறை, ஊராட்சி ஊழியர் அல்ல. செயலருக்கு மேலே ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சிப் பிரிவு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. தேர்தல் நடந்து புதியவர்கள் பொறுப்பேற்கும் வரை தலைவர் இடத்தில் தனி அலுவலராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். ஒரு ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் ஒரே நாளில் அவர் வர முடியாது. கூட்டம் நடத்தும் பொறுப்பு உள்ளூர் ஊழியர்கள் கையில் விழும். அப்படிப்பட்ட நேரத்தில் மக்கள் கூட்டத்துக்குப் போகாமல் விட்டால் கேட்பாரே இருக்காது.

மனுவை எழுதும் விதம்

வாயால் சொன்னால் மறந்துவிடும். ஒரு பக்கத்துக்குள் மனு எழுதுங்கள், இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு மூன்று நான்கு நாட்கள் முன்பே செயலரிடம் கொடுத்துவிடுவது நல்லது. கூட்டத்தில் திடீரென்று நீட்டப்படும் தாளை எந்த அதிகாரியும் விரும்புவதில்லை.

இப்படி எழுதினால் பயன்படாது: "எங்கள் பகுதியில் தெருவிளக்குகள் எரிவதில்லை. தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இப்படி எழுதுங்கள்: "2-ஆவது வார்டு, மேலத்தெருவில் பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து ஊரணி வடகரை வரை 7 மின்கம்பங்கள் உள்ளன. இவற்றில் 3, 4, 6-ஆவது கம்பங்களில் விளக்கு இல்லை. மாலை டியூஷன் முடிந்து பிள்ளைகள் இந்த வழியாக வருகிறார்கள். இந்த மூன்று கம்பங்களிலும் எல்இடி விளக்குப் பொருத்த ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செலவு செய்ய இச்சபை தீர்மானிக்கிறது."

கடைசி வரியைப் பாருங்கள். தீர்மானம் எழுதப்படும் நடையிலேயே இருக்கிறது. செயலர் அதை அப்படியே புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அவருக்கும் வேலை மிச்சம். இந்தப் பக்கம் தெருப் பெயர்களைத் தெளிவாக எழுதுங்கள். மேலத்தெரு என்றால் குடியிருப்புக்குக் குடியிருப்பு ஒன்று இருக்கும்; செட்டியார் வீட்டுப் பெயரை வைத்துச் சொல்லும் அடையாளம் உங்களுக்குப் புரியும், ஒன்றியப் பொறியாளருக்குப் புரியாது.

கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஒன்பது கோரிக்கை போட்ட மனுவுக்கு ஒன்பதிலும் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் கையெழுத்து இருந்தால் நல்லது. அவர்களில் நாலைந்து பேராவது கூட்டத்துக்கு வந்தால் அதைவிட நல்லது.

கூட்டத்தன்று

சமுதாயக் கூடமோ பள்ளிக்கூட மரத்தடியோ, ஒரு சாமியானா, பத்து முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, இரைகிற மைக் செட். போனதும் ஒரு நோட்டு உங்களிடம் வரும், கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பக்கத்தின் தலைப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள். வருகைப் பதிவேடு என்று தேதியோடு எழுதியிருக்க வேண்டும். தலைப்பே இல்லாத வெறும் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால், "தேதி மட்டும் எழுதிருங்க சார், போட்டுர்றேன்" என்று சிரித்தபடியே சொல்லுங்கள். அங்கேயே சண்டை பிடிக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்தான் எந்த ஊரிலும் பாதிப்பேர். எழுதப்படாத தீர்மானங்களுக்கெல்லாம் அவர்களும் சாட்சி ஆகிவிடுகிறார்கள்.

எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தபட்ச வருகை ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கும் மேலே 300. ஆள் குறைந்தால் கூட்டம் ஒத்திவைக்கப்பட வேண்டும். அதனால் ஆள் திரட்டுவது ஊராட்சியின் கவலை மட்டுமல்ல, கோரிக்கை வைத்திருக்கிற உங்களுடைய கவலையும்தான்.

ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்று ஓர் அலுவலர் வந்திருப்பார். அவர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முறையாக நடந்ததா என்று அறிக்கை கொடுப்பவர் அவர். உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறை என்று தொடங்கும் உரை ஒன்று இருக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள். அப்புறம் வரவு செலவு. படிவம் 30 என்ற பெயரில் வரவு செலவுக் கணக்கை ஒரு பிளெக்ஸில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். மைக்கில் வேகமாக வாசிக்கும் எண்களைக் காதால் பிடிக்க முடியாது. எழுந்து போய் பிளெக்ஸைப் போட்டோ எடுங்கள். குடிநீர்ப் பராமரிப்பு, மோட்டார் ரிப்பேர் என்ற வரிகளை மட்டும் பாருங்கள். உங்கள் தெரு மோட்டார் எத்தனை முறை ரிப்பேர் ஆனது என்று உங்களுக்குத்தானே தெரியும்.

பயனாளிகள் பட்டியல் வாசிக்கும்போது அரட்டை வேண்டாம். கலைஞரின் கனவு இல்லம் போன்ற வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பட்டியலில் பெயர் சொல்லும்போது தகுதி உள்ள குடிசைக்காரர் விடுபட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர் இதில் மூக்கை நுழைக்கலாமா என்று தயக்கம் வரும். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் என்றால் அவர்களையே எழுந்து கேட்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதுதான் மரியாதையும்கூட.

உங்கள் முறை வந்ததும் பெயர், தெரு, வார்டு சொல்லிவிட்டு மனுவைப் படியுங்கள். இரண்டு நிமிடம் போதும். பெரும்பாலும் பேச்சு இப்படிப் போகும்:

"சரிம்மா, குறிச்சுக்கிட்டோம்."

"குறிப்பு வேணாம் சார், தீர்மானமா எழுதிருங்க."

"எழுதிரலாம்மா, கூட்டம் முடியட்டும்."

"முடியிற வரைக்கும் இருக்கேன் சார். எத்தனாவது தீர்மானம்னு நம்பர் மட்டும் சொல்லிருங்க."

நம்பர் கேட்டவரை யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள். குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராது. தலைவர் பெண்ணாக இருந்து மைக் அவருடைய கணவர் கையில் இருந்தால், கேள்வியைத் தலைவரைப் பார்த்தே கேளுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஓட்டு வாங்கியவர் அவர்தான், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

தீர்மானங்களை வாசித்து முடித்த பிறகே எழுந்திருங்கள். வாசிக்காமல் முடிக்கப் பார்த்தால் வாசிக்கச் சொல்லுங்கள்.

எதையெல்லாம் இங்கே கொண்டுபோகக் கூடாது

பங்காளிச் சண்டை, பட்டா தகராறு, பொதுச்சுவர் விவகாரம் கிராம சபையின் வேலையல்ல. கோயில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் இல்லை. யாரையும் ஊர்விலக்கு செய்யவோ தண்டம் போடவோ இந்தச் சபைக்கு மட்டுமல்ல, எந்தக் கூட்டத்துக்கும் அதிகாரம் கிடையாது. மஞ்சுவிரட்டு நடத்த அனுமதியும் ஆட்சியர் வழியாக வர வேண்டியது. சிராவயல் மாதிரிப் பெயர்பெற்ற இடமானாலும் அதுதான் முறை.

பழைய வீடுகளை இடித்துத் தேக்குத் தூணையும் கதவு நிலையையும் விற்கிறார்களே, அதைத் தடுக்கலாமா என்று புதிதாக வந்தவர்கள், முக்கியமாக வெளியூர்க்காரர்கள், ஆர்வமாகக் கேட்பார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது உண்மை. அதனால் ஒருவருடைய சொந்த வீட்டைத் தீர்மானம் போட்டுப் பூட்டிவிட முடியாது. இருபது பங்குதாரர்கள் உள்ள வீட்டைப் பராமரிக்கும் செலவு அவர்களுக்குத்தான் தெரியும். தெருவையும் ஊரணியையும் வடிகாலையும் பழைய அமைப்பு கெடாமல் வைத்துக்கொள்ள ஊராட்சி தீர்மானம் போடலாம். என் கருத்தில் ஊரின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தீர்மானத்துக்கு எவ்வளவு பலம் என்பதிலும் இரண்டு மிகைப்பேச்சு உண்டு. "சட்டமன்றத் தீர்மானத்துக்குச் சமம், யாரும் மீற முடியாது" என்பார் ஒருவர். "வெறும் பேப்பர்" என்பார் இன்னொருவர். ஊராட்சி தன் பணத்தில், தன் பொறுப்பில் செய்ய வேண்டிய வேலையில் தீர்மானத்துக்கு நேரடிப் பலம் உண்டு. மற்றதில் அது ஊரின் எழுத்துபூர்வமான குரல். அந்தக் குரலின் வலுவை நம் பக்கத்து மதுரை மாவட்டத்திலேயே பார்த்தோம். அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, 2024 நவம்பர் 23 கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்யவில்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தார்கள், போராடினார்கள். ஆனால் ஊர் என்ன நினைக்கிறது என்று யாரும் கேட்க முடியாதபடி புத்தகத்தில் தேதியோடு இருந்தது.

கூட்டம் முடிந்த பிறகு

ஒரு வாரம் கழித்து ஊராட்சி அலுவலகம் போய்த் தீர்மான நகல் கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இந்தத் தேதியில் நடந்த கிராம சபையின் வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகப் பக்கங்களின் நகல்" என்று கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் முதல் கூட்டம் முடிந்த கையோடு தகவல் உரிமை மனுவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஊரில் நாளைக்கும் அதே செயலர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இரண்டு முறை நேரில் கேட்டுப் பாருங்கள், ஒரு முறை போனில்.

நகல் கையில் வந்தால் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு ஒன்றிய அலுவலகத்தில் பின்தொடரலாம். ஊராட்சி மணி என்ற குறைதீர்ப்பு எண் 155340. முதல்வரின் முகவரி என்ற குறைதீர்ப்புத் துறையின் எண் 1100. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். எங்கே போனாலும் "கிராம சபைத் தீர்மானம் எண் இத்தனை, தேதி இன்னது" என்று மனு தொடங்கினால் எடுத்துப் படிக்கும் விதமே வேறாக இருக்கும்.

சிறிய வேலைகள் சீக்கிரம் நடக்கும். விளக்கு, குழாய் உடைப்பு, குப்பைத் தொட்டி எல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் முடியலாம். ஊரணி தூர்வாரல், வடிகால், சாலை என்றால் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் என்று ஒரு வருடம் ஓடிவிடும். குன்றக்குடியில் அடிகளார் தொடங்கிவைத்த கிராமத் திட்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. காரைக்குடி சிக்ரி ஆய்வகத்து விஞ்ஞானிகளும் அதில் துணையிருந்தார்கள். அங்கேயும் ஒரே வருடத்தில் எதுவும் முளைக்கவில்லை.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது புது மனு எதுவும் வேண்டாம். பழைய தீர்மான நகலை மட்டும் எடுத்துப் போங்கள். கூட்டம் தொடங்கியதும், மற்ற பொருளுக்குப் போகும் முன்பே, "போன கூட்டத் தீர்மானங்கள்ல எது எது முடிஞ்சுச்சுன்னு வாசிச்சிருங்க சார்" என்று கேளுங்கள். உங்களுடையதை மட்டும் கேட்காமல் எல்லாத் தீர்மானத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். மற்ற தெருக்காரர்களும் உங்களோடு சேர்ந்து காது கொடுப்பார்கள்.